மலைநாட்டு நீர்மின்வலுவும் நீதியும் - ஒரு வரலாற்று நோக்கு

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, உடுநுவரைப் பகுதியில் அமைந்துள்ள சிறுநகரம் கெலிஓயா. மலைநாட்டுக்கான இருப்புப்பாதை 1867 ஆம் ஆண்டிலே கண்டியை அடைந்து, பின்னர் 1874 இல் நாவலப்பிட்டி வரை நீண்டபோது அப்பாதையும் இவ்வூர் வழியாகவே சென்றது. வீதியும் இருப்புப்பாதையும் இங்கே மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கைத் தழுவிச் செல்கின்றன. ஆங்கிலேயர் காலத்திலே முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிகள், கடல் கடந்து வந்த நிலக்கரியை எரித்து இவ்வழியே மலையேறின. அவற்றின் அருகே ஓடிய ஆற்று நீரிலோ, அந்நிலக்கரியின் தேவையைப் பெரிதும் குறைக்கவல்ல ஆற்றல் எவராலும் பயன்படுத்தப்படாது வீணே கழிந்துகொண்டிருந்தது.

இன்று அந்நிலைமை மாறிவிட்டது. கெலிஓயாவைக் கடந்து செல்லும் மகாவலி நீரின் ஒரு பகுதி, மேலே கொத்மலையிலே மின்பிறப்பாக்கிகளை இயக்கிவிட்டு வருவதாகும். அது கீழே பொல்கொல்லையை அடைந்ததும், ஒரு கூறு சுரங்க வழியாக உக்குவெலை மின்னிலையத்துக்குச் செல்கின்றது. எஞ்சியது விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை ஆகிய நீர்த்தேக்கங்களிலே மீண்டும் மீண்டும் மின்வலுவாக மாறுகின்றது. புகையும் சாம்பலுமின்றிப் பெறப்படும் வலு இது. காலநிலை மாற்றத்தின் கொடுமைகளை உலகம் உணரத் தொடங்கிய இக்காலத்திலே, காபன் குறைந்த சக்திக்கு மாறவேண்டும் என்ற குரல் எங்கும் ஒலிக்கின்றது. அம்மாற்றம் நீதியானதாகவும் அமைதல் வேண்டும் என்ற கோரிக்கையும் அதனோடு இணைந்து ஒலிக்கின்றது. 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையிலே தொழிலாளருக்கான நீதியான நிலைமாற்றம் என்னும் கருத்து இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்றாகும்.

நீதியான நிலைமாற்றம் என்பது புதியதொரு தொடராக இருக்கலாம். ஆயின் அத்தொடர் எழுப்பும் வினா இலங்கை மலைநாட்டுக்குப் புதியதன்று. தூய சக்தியை நோக்கிய மாற்றம் ஒன்று இம்மலைகளிலே 20 ஆம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலேயே நிகழ்ந்துவிட்டது. அம்மாற்றத்தின் விலையை யார் செலுத்தினர்? அதன் பயன் யாரை முதலிற் சென்றடைந்தது? எவருடைய சொல் அதிலே கேட்கப்பட்டது? இவ்வினாக்களை அடிப்படையாகக் கொண்டு மலைநாட்டு நீர்மின்வலுவின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமலசுரேந்திராவின் எண்ணமும் லக்சபானத் திட்டமும்

இலங்கையின் நீர்மின்வலு வரலாறு, டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் எந்திரவியலாளரோடு தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். 1874 இல் பிறந்து பொதுவேலைத் திணைக்களத்திலே பணியாற்றிய அவர், மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரை மறித்து லக்சபானப் பகுதியிலே மின்வலு பிறப்பிக்கலாம் எனக் கண்டார். 1918 ஆம் ஆண்டிலே இலங்கை எந்திரவியலாளர் சங்கத்தின் முன் அவர் சமர்ப்பித்த ஆய்வுரை, இந்நாட்டின் மின்வலுப் பொருளாதாரம் பற்றிய முதற் பெரும் சிந்தனையாக மதிக்கப்படுகின்றது. அயல்நாட்டு எரிபொருளுக்குப் பொருளைச் செலவிடும் நாடு, தன் மலைகளிலிருந்து வீழும் நீரைக் கண்டும் காணாதிருத்தல் தகாது என்பதே அவருடைய வாதத்தின் சாரமாகும்.

ஆயினும் அவ்வெண்ணம் எளிதில் நிறைவேறவில்லை. 1920 களிலே தொடங்கிய வேலைகள் இடைநடுவே நின்றன. 1931 இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிய விமலசுரேந்திரா, சபையினுள்ளும் தம் திட்டத்துக்காகப் போராடினார். பொருளாதார மந்தமும் இரண்டாம் உலகப் போரும் மேலும் தடையாயின. ஈற்றில் 1950 ஆம் ஆண்டின் இறுதியிலேயே லக்சபானத் திட்டத்தின் முதற் கட்டம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது. ஆய்வுரை எழுந்த காலத்துக்கும் விளக்கு எரிந்த காலத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வொளியைக் கண்ட பின் மூன்று ஆண்டுகளிலே, 1953 இல், அவர் மறைந்தார்.

அதன் பின்னர் வளர்ச்சி விரைவாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக்கொண்டு இயங்கும் 50 மெகாவாற்று நிலையம் 1965 இல் விமலசுரேந்திராவின் பெயரைத் தாங்கி எழுந்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கமும் பொல்பிட்டிய நிலையமும் 1960 களின் இறுதியிலே நிறைவெய்தின. 1974 இல் 100 மெகாவாற்று வலுவுள்ள புதிய லக்சபான நிலையமும், 1983 இல் கென்யோன் நிலையமும் இவற்றோடு சேர்ந்தன. இந்நிலையங்கள் யாவும் ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா முதலிய தேயிலைத் தோட்டப் பிரதேசங்களையும் அவற்றைச் சார்ந்த சரிவுகளையும் நீரேந்து பரப்பாகவோ நிலையிடமாகவோ கொண்டவை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1950: ஒளி வந்த ஆண்டு, உரிமை இழந்த காலம்

லக்சபான மின்விளக்கு எரிந்த 1950 ஆம் ஆண்டை வேறொரு கோணத்திலும் நோக்குதல் வேண்டும். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அதற்கு அடுத்த ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்குரிமையையும் பறித்தது. ஆகவே, மலைகளிலிருந்து முதல் மின்கம்பிகள் கொழும்பை நோக்கிச் சென்ற வேளையிலே, அம்மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதியாக ஒருவரைத் தெரிவு செய்யும் தகுதியை இழந்தவராயிருந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடியான தொடர்பு இருந்தது எனக் கூறுவதற்கில்லை. மின்வலுத் திட்டத்தை வகுத்தவர் வேறு. பிரசாவுரிமைச் சட்டத்தை இயற்றியவர் வேறு. எனினும் அவற்றின் விளைவுகள் ஒரே இடத்திலே வந்து சந்தித்தன. அவ்விடம் லயம். தேயிலைத் தொழிற்சாலையின் பொறிகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் மின்வலு வந்தபின்னரும், அவற்றிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த லயங்களிலே குப்பிலாம்பின் ஒளியே நெடுங்காலம் நிலவியது. லயம் தோட்ட நிருவாகத்தின் உடைமை. அதில் வாழ்ந்தவருக்கு வீட்டின் மீதோ நிலத்தின் மீதோ உரிமை இருக்கவில்லை. மின்னிணைப்புப் பெறுவதும் நிருவாகத்தின் இசைவிலேயே தங்கியிருந்தது. தம் குறையைச் சட்டசபையிலே எடுத்துரைக்க ஓர் உறுப்பினரைத் தேடுவதற்கும் வாக்கு இருக்கவில்லை.

நாடு முழுவதையும் நோக்கினாலும் அக்காலத்து மின்வலு நகரத்தவரின் பொருளாகவே இருந்தது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதும் இலங்கையின் வீடுகளுள் ஏறத்தாழ 15 வீதமானவையே மின்விளக்கைப் பெற்றிருந்தன. கண்டிக் கிராமத்துச் சிங்களக் குடியானவனும் மண்ணெண்ணெய் விளக்கின் கீழேயே வாழ்ந்தான். ஆயினும் குடியானவனுக்குக் காணியும் வாக்கும் இருந்தமையால், கிராம மின்வசதித் திட்டங்கள் எழுந்தபோது அவற்றைத் தன் ஊருக்கு வரவழைப்பதற்கு அவனுக்கு ஒரு வழி இருந்தது. தோட்டத்து மக்களுக்கோ அவ்வழியும் அடைபட்டிருந்தது. 1964 இலும் 1974 இலும் செய்யப்பட்ட இந்திய - இலங்கை ஒப்பந்தங்கள் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டன. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே முடிவுற்றது. லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கி அப்போது அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. தேசிய மின்வலை மலைக்கு வருமுன்னரே பல தோட்டங்கள் தத்தம் ஓடைகளிலே சிறு சுழலிகளை அமைத்துத் தொழிற்சாலைகளை இயக்கின. மின்வலை வந்தபின் அவற்றுட் பல கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. 1990 களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் அமைத்த சிறு நீர்மின் நிலையங்கள் மின்வலையிலே இணைக்கப்பட்டபோது, மலையோடைகள் மீண்டும் பெறுமதி பெற்றன. அவ்வோடை நீரிலே குளித்தும் குடித்தும் வாழ்ந்த லயத்து மக்கள், தேசிய நிலையங்களாயினும் தோட்டத்துச் சிறு சுழலிகளாயினும், அவற்றின் பங்காளிகளாக எண்ணப்படவில்லை.

நீரில் மூழ்கிய ஊர்கள்

நீர்மின்வலுவின் விலையை மலைநாட்டிலே செலுத்தியோர் தோட்டத் தொழிலாளர் மட்டுமல்லர். மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரினுள் மறைந்தது. கடும் வறட்சியிலே நீர்மட்டம் தாழும்போது அங்கிருந்த கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டுவதை இன்றும் காணலாம். மூன்று சமயத்தாரும் ஒருங்கே வாழ்ந்த நகரொன்றை நாட்டின் ஒளிக்காக இழந்தனர் என்பதற்கு அவ்விடிபாடுகள் சான்றாக நிற்கின்றன.

மகாவலித் திட்டத்தின் காலத்திலே இவ்விழப்பு மேலும் பெருகியது. 1976 இல் பொல்கொல்லை அணை நிறைவெய்தி, மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியே உக்குவெலைக்குத் திருப்பப்பட்டது. 1977 இன் பின்னர் அரசாங்கம் துரித மகாவலித் திட்டத்தை மேற்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட பணிகளிற் பெரும்பகுதி சில ஆண்டுகளுள் முடிக்கப்படவேண்டும் என்பது அதன் குறிக்கோளாயிற்று. சுவீடன் நாட்டின் உதவியுடன் கொத்மலையும், பிரித்தானியாவின் உதவியுடன் விக்டோரியாவும், மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் ரந்தெனிகலையும் எழுந்தன. கொத்மலை 201 மெகாவாற்று, விக்டோரியா 210 மெகாவாற்று, ரந்தெனிகலை 122 மெகாவாற்று என இவற்றின் வலு அமைந்தது. லக்சபானத் தொகுதி பல பத்தாண்டுகளிலே பெற்ற வலுவை விட மிகுதியானதை மகாவலி ஒரே பத்தாண்டிலே தந்துவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். விக்டோரியா நீர்த்தேக்கத்திலே தெல்தெனியப் பழைய நகரமும் அதனைச் சூழ்ந்த வளமான வயல்களும் மூழ்கின. கொத்மலைப் பள்ளத்தாக்கிலே, பழைய கண்டி இராச்சியத்தின் வரலாற்றோடு இணைந்த கிராமங்களும் கடதொர விகாரையும் நீரினடியிற் சென்றன. இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களிற் பெரும்பாலானவை சிங்களக் குடியானவரின் குடும்பங்களாகும். அவர்களுள் ஒருசாரார் வரண்ட வலயத்தின் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். மழையையும் குளிரையும் மலைச்சாரலின் அடுக்கு வயலையும் அறிந்தோர், வாய்க்கால் நீருக்கு முறை காத்திருக்கும் சமவெளி வாழ்வுக்குப் பழகவேண்டியிருந்தது. இன்னொரு சாரார் மலைநாட்டைவிட்டு நீங்க விரும்பாது, அண்மையிலிருந்த தேயிலைக் காணிகளிலே குடியேறினர். தேயிலைக் காணி பங்கிடப்படும்போது அக்காணியிலே வேலைசெய்து வாழ்ந்த தொழிலாளியின் நிலை யாது என்னும் வினா அங்கே எழுந்தது. ஒருவரின் இழப்பை ஈடுசெய்ய மற்றொருவரின் வாழ்வாதாரம் குறைக்கப்படும் நிலையை, திட்டமிடலின் குறையென்றே கொள்ளவேண்டும். குடியானவனையும் தொழிலாளியையும் ஒருவருக்கொருவர் பகையாக நிறுத்துவது அத்தகைய குறையேயன்றி, அவ்விருவருள் எவருடைய பிழையுமன்று.

கொத்மலையிலும் விக்டோரியாவிலும் பிறந்த வலு, 220 கிலோவோற்று உயரழுத்தக் கம்பிகளின் வழியே கொழும்பை அடுத்த பியகமைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தலைநகரின் ஆலைகளும் ஏற்றுமதி வலயங்களும் அதனால் இயங்கின. மலையிலிருந்து தேயிலை இறங்கிய வழியே பின்னர் மின்வலுவும் இறங்கியது எனலாம்.

1985 ஆம் ஆண்டின் இரு காட்சிகள்

இம்மாற்றத்தின் தன்மையை உலகப் பின்னணியிலே விளங்கிக்கொள்ள 1985 ஆம் ஆண்டு பெரிதும் உதவுகின்றது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே பிரித்தானியப் பிரதமர் மார்கிறெற் தச்சர் இலங்கைக்கு வந்து, சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவுடன் விக்டோரியா அணையின் தொடக்க விழாவிலே கலந்துகொண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மார்ச் மாதத்திலேதான், பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நடத்திய வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்திருந்தது. சுரங்கங்களை மூடும் முடிவை எதிர்த்து அவர்கள் போராடினர். தோல்வியின் பின்னர் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. யோர்க்சயர், தென் வேல்சு முதலிய பகுதிகளிலே சுரங்கத்தையே நம்பியிருந்த ஊர்கள் பிழைப்புக்கு வழியற்றுத் தளர்ந்தன.

அச்சுரங்கங்கள் காலநிலையைக் காக்கும் நோக்குடன் மூடப்பட்டவையல்ல. பொருளாதாரக் கொள்கையும் தொழிற்சங்கத்தோடு கொண்ட பகைமையும் அங்கே முன்னின்றன. ஆயினும் ஒரு சக்தி மூலத்திலிருந்து நாடொன்று விலகும்போது, அம்மூலத்தை நம்பி வாழ்ந்தோருக்கு மாற்றுவழி வகுக்காவிடின் என்ன நேரும் என்பதற்கு அது உலகறிந்த எடுத்துக்காட்டாயிற்று. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்னிலையம் 2024 செப்தெம்பரிலே மூடப்பட்டபோது அந்நாடு பெருமைகொண்டது. பழைய சுரங்க ஊர்களிலே 1985 இன் வடு அப்போதும் ஆறியிருக்கவில்லை. ஜேர்மனி இதனின்று வேறுபட்ட வழியைத் தெரிந்தது. 2038 ஆம் ஆண்டுக்குள் நிலக்கரியைக் கைவிடுவதென 2020 இல் சட்டம் இயற்றியபோதே, நிலக்கரிப் பிரதேசங்களின் மறுவாழ்வுக்காக 40 பில்லியன் யூரோ வரையான நிதியையும் ஒதுக்கியது. அங்கே தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தன.

யோர்க்சயர்ச் சுரங்கத் தொழிலாளியும் தெல்தெனியக் குடியானவனும் ஒருவரையொருவர் அறியார். ஒருவன் பழைய சக்தியின் மறைவால் வாழ்விழந்தான். மற்றவன் புதிய சக்தியின் வரவால் ஊரிழந்தான். இருவர்க்கும் பொதுவாயிருந்தது, தம்மைப் பற்றிய முடிவு தம் இசைவின்றி எடுக்கப்பட்டமையே.

மேல் கொத்மலை: கேட்கப்பட்ட குரல்

இக்குறை நீங்க முடியாததன்று என்பதற்கு மேல் கொத்மலைத் திட்டத்தின் வரலாறு ஓரளவு சான்று தருகின்றது. தலவாக்கலையிலே கொத்மலை ஓயாவை மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியே நீரைக் கொண்டுசென்று 150 மெகாவாற்று வலுவைப் பெறுவது அத்திட்டமாகும். சென் கிளயர் முதலிய நீர்வீழ்ச்சிகள் வற்றிவிடும் எனச் சூழலியலாளர் எதிர்த்தனர். தோட்டக் குடியிருப்புக்களும் தலவாக்கலை நகரின் ஒரு பகுதியும் பாதிக்கப்படும் என மலையகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1998 இல் அனுமதி மறுத்தது. மேன்முறையீட்டின் பின்னர், நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. யப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறிய திட்டம் 2012 ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கியது.

இடைப்பட்ட காலத்து வாதப் பிரதிவாதங்கள் வீணாகவில்லை. சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்குப் பகல் வேளையிலே நீர் விடப்படல் வேண்டும் என்னும் ஏற்பாடு உண்டாயிற்று. இடம்பெயர்ந்த ஏறத்தாழ 500 குடும்பங்களுக்குத் தலவாக்கலைப் பகுதியிலேயே புதிய வீடுகள் அமைக்கப்பட்டன. அவர்களுட் பலர் லயத்து அறைகளிலிருந்து தனி வீடுகளுக்குச் சென்றனர். திட்டத்தின் குறைகள் அனைத்தும் நீங்கின எனக் கூறுவது மிகையாகும். ஆயினும் காசல்ரீயும் மவுசாக்கலையும் அமைந்த காலத்தோடு ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவானது. அம்மக்கள் இப்போது வாக்காளர். அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவர்கள் அமைச்சரவையிலே இடம்பெற்றிருந்தனர். சுற்றாடல் மதிப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. பொறியியல் நுட்பம் வளர்ந்தமையால் மட்டும் நீதி வளர்ந்ததில்லை. குரலுக்கு இடம் கிடைத்தமையாலேயே அது ஓரளவு வளர்ந்தது.

இதற்கு மாறான படிப்பினையை உமாஓயாத் திட்டம் தந்தது. அத்திட்டத்தின் சுரங்கம் அகழப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் பிளந்தன. மக்கள் வீதிக்கு இறங்கிய பின்னரே அவர்களுடைய துயர் நாட்டுக்குத் தெரியவந்தது. 120 மெகாவாற்று வலுவுள்ள அத்திட்டம் 2024 ஏப்ரலிலே திறந்துவைக்கப்பட்டது. தூய சக்தி என்னும் பெயர் மட்டும் ஒரு திட்டத்தை மக்களுக்கு நன்மையானதாக்கிவிடாது என்பது இதனாற் புலனாகின்றது.

தூய வலுவிலிருந்து நிலக்கரிக்கு

இலங்கையின் மின்வலு வரலாற்றிலே வியப்பூட்டும் திருப்பம் ஒன்றுண்டு. உலக நாடுகள் பல நிலக்கரியிலிருந்து தூய சக்திக்கு மாற முயலும் காலத்திலே, இந்நாடு தூய சக்தியிலிருந்து நிலக்கரிக்குச் சென்றது. 1990 களின் தொடக்கம் வரை இலங்கையின் மின்வலுவிற் பெரும்பங்கு நீரிலிருந்தே பெறப்பட்டது. 1996 இன் வறட்சி நீர்த்தேக்கங்களை வற்றச்செய்தது. நாடெங்கும் நெடுநேர மின்வெட்டு நிகழ்ந்தது. பெருகிவந்த தேவைக்கு மழையை மட்டும் நம்பியிருத்தல் இயலாது எனக் கண்ட ஆட்சியாளர் எண்ணெயால் இயங்கும் நிலையங்களை நாடினர். 2011 இல் நுரைச்சோலையிலே நிலக்கரி நிலையத்தின் முதற் கட்டம் தொடங்கி, 2014 இல் அது 900 மெகாவாற்று வலுவை எட்டியது. விமலசுரேந்திரா 1918 இல் எச்சரித்த அயல்நாட்டு எரிபொருட் சார்பு, ஒரு நூற்றாண்டின் பின் மீண்டும் வந்து சேர்ந்தது.

அச்சார்பின் கொடுமையை 2022 ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. அந்நியச் செலாவணி வற்றியதும் எரிபொருள் வரவு நின்றது. மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டது. அவ்வாண்டு ஆகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே மாதத்திலே மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் உயர்ந்தது. 2023 பெப்ரவரியிலே மீண்டும் 66 வீதத்தால் உயர்ந்தது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, மின்கம்பி வீட்டு வாசலுக்கு வந்தபின்னரும் மின்வலு எட்டாப்பொருளாகும் நிலை தோன்றியது. ஒளியைப் பெறுவது வேறு. அதற்கு விலைகொடுக்கும் வலிமையைப் பெறுவது வேறு.

இனிவரும் மாற்றம்

இந்நெருக்கடிகளின் பின்னர் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியை நோக்கிய முயற்சி வேகம் பெற்றுள்ளது. 2030 ஆம் ஆண்டளவிலே மின்வலுவின் 70 வீதத்தை அத்தகைய மூலங்களிலிருந்து பெறுவதும், 2050 இல் காபன் சமநிலையை அடைவதும் அரசின் குறிக்கோள்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றில் வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே. உலகச் சராசரி அதனைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாகும். வெப்பமுறும் உலகுக்கு மிகச் சிறிதளவே காரணமான நாடாயினும், மண்சரிவும் வெள்ளமும் வறட்சியும் இந்நாட்டை விட்டுவைக்கவில்லை. செங்குத்தான சரிவுகளிலே அமைந்த பழைய லயங்கள் அவ்விடர்களுக்கு முதலில் இலக்காகின்றன. ஆகவே இம்மாற்றம் தேவையானதே. அது எவ்வாறு நிகழும் என்பதே வினா.

மன்னார்த் தீவின் அனுபவம் இங்கு கருதத்தக்கது. தம்பபவனி எனப்படும் 100 மெகாவாற்றுக்குச் சற்று மேற்பட்ட காற்றாலைத் தொகுதி அங்கே 2020 - 2021 காலப்பகுதியிலே இயங்கத் தொடங்கியது. மேலும் காற்றாலைகள் அமைக்கும் முயற்சிகளை அத்தீவின் மக்கள் எதிர்த்தனர். மழைநீர் வடிந்தோடும் வழிகள் அடைபடுகின்றன, மீன்பிடித் தொழில் பாதிக்கப்படுகின்றது, வலசைப் பறவைகளின் பாதை குலைகின்றது என்பன அவர்கள் முன்வைத்த காரணங்கள். இந்தியாவின் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியிலே விலகியது. எனினும் பிற திட்டங்களுக்கெதிரான போராட்டம் அவ்வாண்டிலும் தொடர்ந்தது. காற்று மாசற்றது, ஆயின் காற்றாலை நிற்கும் நிலம் யாருடையது, அந்நிலத்து மக்களிடம் யார் கேட்டனர் என்ற வினா மஸ்கெலியாவில் எழுந்திருக்கவேண்டிய அதே வினாவாகும்.

மலைநாட்டிலோ இவ்வினா கூரையிலிருந்து எழுகின்றது. 2016 இல் அரசாங்கம் தொடங்கிய சூரியசக்தித் திட்டம், வீட்டுக் கூரைகளிலே சூரியத் தகடுகளைப் பொருத்தி, மிகுதியான மின்வலுவை மின்வலைக்கு விற்று வருவாய் பெற வழிசெய்தது. கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வசதிபடைத்தோர் இதனாற் பயனடைந்தனர். ஆனால் கூரை தமதாக உடையவருக்கே அப்பயன் கிட்டும். லயத்தின் தகரக் கூரை அதன்கீழ் வாழ்பவருக்குச் சொந்தமன்று. ஒரே கூரையின் கீழே பல குடும்பங்கள் வாழ்கின்றன. அண்மை ஆண்டுகளிலே இந்திய உதவியுடனும் அரசின் முயற்சியாலும் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு பெற்ற குடும்பங்கள் உண்டெனினும், அவ்வாய்ப்பைப் பெறாதோரே மிகுதியாவர். இவ்வாறு 1950 இல் மின்கம்பிக்குக் குறுக்கே நின்ற அதே உரிமைக் குறைபாடு, இன்று சூரிய ஒளிக்கும் குறுக்கே நிற்கின்றது.

தேயிலைத் தொழிலும் இம்மாற்றத்துக்குப் புறம்பானதன்று. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் தொழிற்சாலைகள் இன்றும் பெருமளவிலே விறகை எரிக்கின்றன. காபன் குறைந்த முறையிலே உற்பத்தியான தேயிலையை உலகச் சந்தை விரும்பும் காலம் நெருங்குகின்றது. தொழிற்சாலைகள் புதிய பொறிகளைப் பெறும்போது, விறகு வெட்டியும் சுமந்தும் அடுப்பைக் காத்தும் வாழ்ந்தோருக்குப் பயிற்சியும் மாற்று வேலையும் கிடைக்குமா என்பது இப்பொழுதே எண்ணப்படல் வேண்டும். அவ்வாறு எண்ணாது விட்டமையின் விளைவை யோர்க்சயரின் வரலாறு காட்டிநிற்கின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. மலைநாட்டு நீர்மின்வலு இந்நாட்டுக்குப் பெரும்பேறு. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியன்று. அவ்வலு இல்லையெனின் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் ஆலைகளும் இன்றுள்ளவாறு இயங்கியிரா. ஆயினும் அப்பேறு கடன்பட்டுப் பெற்ற பேறாகும். மூழ்கிய வயலையும் ஊரையும் இழந்தோருக்கு நிலக்கடன் உண்டு. நீரேந்து மலைகளிலே வாழ்ந்தும் இறுதியாக விளக்கைக் கண்டோருக்கு ஒளிக்கடன் உண்டு. முடிவெடுக்கும் அவையிலே இடமின்றி இருந்தோருக்குக் குரற்கடன் உண்டு. முதலிரண்டும் தீராது நின்றமைக்கு மூன்றாவதே அடிப்படைக் காரணம் என்பதை 1950 க்கும் 2012 க்கும் இடைப்பட்ட வரலாறு உணர்த்துகின்றது.

எனவே இனிவரும் சக்தித் திட்டங்களை அவை தரும் மெகாவாற்றுக்களால் மட்டும் அளத்தல் போதாது. நிலமிழப்போருக்கு அந்நிலத்துக்கு ஈடான வாழ்வு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டுள்ளதா, திட்டம் அமையும் இடத்திலுள்ள மக்கள் அதன் வருவாயிலும் ஒளியிலும் பங்குபெறுகின்றனரா, அவர்களுடைய மறுப்புக்குத் திட்டத்தை மாற்றும் வலு உண்டா என்பவையும் அளவுகோல்களாதல் வேண்டும். லயத்துக் குடும்பங்களுக்குக் காணியுறுதியும் கூரையுரிமையும் வழங்குவது வீடமைப்புப் பிரச்சினை மட்டுமன்று. அது சக்திக் கொள்கையின் ஒரு கூறுமாகும். தூய சக்தியை மலைநாடு ஒருமுறை இந்நாட்டுக்கு வழங்கிவிட்டது. அதன் விலையை மீண்டும் அதே மக்களிடம் அறவிடாது மறுமுறை அதனைப் பெறுவதே இத்தலைமுறைக்குரிய கடமையாகும்.